குடும்ப உறவுகளைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலும், டிகிரி கடைசிப் பருவத்திலும் என்னிடம் வரும் கேள்விகள் இவை. நான் சமூகப்பணியில் முதுகலை முடித்தவள். ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது களப்பணிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்கிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு நிலவரம். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

குடும்பத்தைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது? எல்லாரும் ஒரு வீட்டில்தானே வளர்கிறோம்?

அதனால்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நாம் வளர்ந்தது ஒரு வீட்டில். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, குடும்பம் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் ‘குடி’, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாக வருகிறது. மேகாலயாவின் காசி (Khasi) பழங்குடி மக்களிடம் குடும்ப வீடு கடைசி மகளுக்கு. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுக்கே. கேரளத்து நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீடுகளில், பிள்ளைகள் அம்மா வீட்டில், மாமன் பொறுப்பில் வளர்ந்தார்கள். அந்தக் கூட்டுக்குடும்ப ஏற்பாட்டைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1975-இல் கேரளம் போட்ட சட்டம். பக்கத்து மாநிலம்தான், அதுவும் நம் பெற்றோர் காலத்தில்.

இதைத் தெரிந்துகொள்ளாத ஒருவர் ஆலோசனை சொல்ல உட்கார்ந்தால், தன் வீட்டு வழக்கத்தையே நியாயம் என்று எதிரில் இருப்பவர் தலையில் கட்டுவார். இதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

கல்லூரிப் பட்டியலில் ‘குடும்ப உறவுகள்’ என்று ஒரு துறையே இல்லையே. எந்தப் பெயரில் தேடுவது?

நேராக அந்தப் பெயரில் கிடைப்பது அரிது. நான்கு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது சமூகப்பணி, அதாவது இளங்கலையில் பி.எஸ்.டபிள்யூ., முதுகலையில் எம்.எஸ்.டபிள்யூ. எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் தொடங்கியது. சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சியில் பிஷப் ஹீபர் என்று பல இடங்களில் இந்தத் துறை உண்டு. வெளியே போகத் தயாரென்றால் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். 1936-இல் தொடங்கிய அதுதான் நாட்டில் சமூகப்பணிக் கல்விக்கே முன்னோடி. அங்கே முதுகலைக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இரண்டாவது மனையியல். அதற்குள் ‘மனித மேம்பாடு’ என்று ஒரு பிரிவு இருக்கும். குழந்தை வளர்ச்சி, முதுமை, பெற்றோர்-பிள்ளை உறவு எல்லாம் அதில் வரும். கோவை அவினாசிலிங்கத்தில் மனையியல் கல்லூரி 1957-இல் ஆரம்பித்தது. 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

மூன்றாவது சமூகவியல், மானிடவியல். உறவுமுறை, திருமணம், சாதி பற்றிய ஆழமான படிப்பு இங்கேதான். நான்காவது உளவியல்.

எதில் சேர்வது என்று கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: ஒரு வீட்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள ஆசையா, அந்த வீட்டுக்கு ஏதாவது செய்ய ஆசையா? முதலாவது என்றால் சமூகவியலும் மானிடவியலும். இரண்டாவது என்றால் சமூகப்பணி.

மனையியல் என்றால் சமையலும் தையலும்தானே?

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உணவியல், துணியியல் எல்லாம் அதில் உண்டு, உண்மைதான். ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஏன் பொய் சொல்கிறது, தாத்தா மறதி நோயில் விழுந்தால் அந்த வீட்டின் வேலைகள் யார் தலையில் விழுகின்றன, இதையெல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுப்பதும் அந்தத் துறைதான். கல்லூரிக்குள்ளேயே ஒரு மழலையர் பள்ளி நடத்தி, மாணவிகளை அங்கே உட்காரவைத்துக் குழந்தைகளைக் கவனித்து எழுதச் சொல்வார்கள். ஒரு குழந்தையை அரை மணி நேரம் பேசாமல் கவனித்துப் பாருங்கள், அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும்.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருவார்கள்?

பாடத்திட்டத்தை அப்படியே ஒப்பிப்பதைவிட, என்னை மாற்றிய சில பாடங்களைச் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் ஒரு வழக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். ‘அங்கிள் பணம் கேட்டுத் தொந்தரவு செய்கிறார்’ என்று ஒரு வரி. மேற்பார்வை ஆசிரியர் அந்த ‘அங்கிள்’ மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டு, “எந்த அங்கிள்?” என்று கேட்டார். சித்தப்பாவா? அப்படியானால் அவர் பங்காளி, சொத்தில் அவருக்குப் பங்கு இருக்கும். தாய்மாமனா? அப்படியானால் காதுகுத்திலிருந்து சீர் செய்தவர், பெண் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர். அத்தை வீட்டுக்காரரா? அவரும் மாமாதான், ஆனால் கதை வேறு. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண் ‘மாமா’ என்றுதான் சொல்லியிருந்தாள். நான்தான் அதை அங்கிள் ஆக்கி, தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தொலைத்திருந்தேன். இன்று என் மாணவர்களுக்கு நான் போடும் முதல் விதி: உறவை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுது.

நம் உறவுச் சொற்கள் உலக அளவில் படிக்கப்பட்டவை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனெகா பழங்குடியினரின் உறவுமுறையைக் குறித்துவைத்திருந்தார். பிறகு ஒரு மிஷனரி வழியாகத் தமிழ் உறவுச் சொற்கள் அவர் கைக்கு வந்தன. பார்த்தால் இரண்டின் அமைப்பும் அவ்வளவு நெருக்கம்: அப்பாவின் சகோதரர்களும் அப்பாக்களே, அம்மாவின் சகோதரிகளும் அம்மாக்களே, அம்மாவின் சகோதரனும் அப்பாவின் சகோதரியும் மட்டும் தனிச்சொல். அவருடைய ஆய்வு 1871-இல் வெளியானது. பிரான்சைச் சேர்ந்த லூயி துய்மோன் 1949–50-இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, நம் உறவுமுறையின் அடிப்படை ‘கொண்டு கொடுப்பது’ என்று விளக்கினார். பெரியப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது.

அப்புறம் குடும்ப வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி, சண்டையில் இருப்பவர்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் கோடு. மூன்று தலைமுறையையாவது வரைய வேண்டும். வெளிநாட்டுப் பாடநூலில் இது அழகாக மரம் மாதிரி விரியும். நம் ஊரில், அக்கா மகளைக் கட்டியவர் வீட்டை வரையச் சொன்னால் முதலாண்டு மாணவர்கள் திணறிப்போவார்கள். கணவனின் அக்காவே மாமியார். குழந்தைக்கு அவர் அத்தை, அம்மாச்சியும் அவரே. கோடுகள் தலைமுறை தாண்டித் தாண்டி ஓடும். வரைந்து முடிக்கும்போதுதான் ஒன்று புரியும்: அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால், அது அவனுடைய அக்கா வீடு. அவளுக்கென்று தனியாக ஒரு பிறந்த வீடு இல்லை. இதை உணராமல் “கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரும்மா” என்று யோசனை சொன்னால் அது யோசனையே இல்லை.

‘கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது’ என்று பட்டிமன்றத்தில் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுவது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீட்டை. குடும்பம் என்பது அந்த அடுப்போடு முடிவதில்லை. துபாயில் இருக்கும் மகன் கணக்கெடுப்பில் அந்த வீட்டு ஆள் கிடையாது. ஆனால் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன் அவன், எந்த மாப்பிள்ளை என்று கடைசி வார்த்தை சொன்னவனும் அவன். ஐ.பி. தேசாய், ஏ.எம். ஷா போன்ற சமூகவியலாளர்கள் குஜராத் ஊர்களை ஆராய்ந்து, ஒரே கூரை வேறு, கூட்டுக் கடமை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். தனி உலை வைத்துவிட்டார்கள் என்பதாலேயே உறவு முறிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

என் மாணவர்களை வீட்டிலிருந்து ஒரு பழைய மொய் நோட்டு கொண்டுவரச் சொல்வேன். யார் எவ்வளவு எழுதினார்கள், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் எவ்வளவு திருப்பிச் செய்தார்கள், எந்த ஆண்டிலிருந்து ஒரு பெயர் காணாமல் போகிறது. அந்தக் காணாமல் போன பெயரைப் பற்றி வீட்டில் பாட்டியிடம் கேட்டுவிட்டு வா என்பேன். வருகிற கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை.

சட்டமும் படிக்க வேண்டுமா?

வேண்டும். வக்கீல் அளவுக்கு இல்லை. ஆனால் ஒருவருக்கு வழி காட்டும் அளவுக்குத் தெரிய வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் வந்த திருத்தங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டம்: அதில் மனைவி மட்டுமல்ல, சேர்ந்து வாழும் பெண், தாய், சகோதரி கூட வருவார்கள், வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணை விரட்ட முடியாது என்பதும் அதில் உண்டு. 2007 மூத்த குடிமக்கள் சட்டம்: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை பார்க்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். இது தெரியாமல் எத்தனையோ அப்பாக்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

களப்பணி எப்படி இருக்கும்?

சமூகப்பணியில் பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, களம்தான். குடும்ப நல நீதிமன்றம், அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று எங்காவது போடுவார்கள். நடுவில் ஒரு கிராம முகாம். கடைசியில் ஒரு மாதம் போல முழுநேரப் பயிற்சி.

முதல் சில வாரங்கள் சலிப்பாக இருக்கும். ஃபைல் அடுக்கச் சொல்வார்கள், டீ வாங்கிவரச் சொல்லும் இடங்களும் உண்டு. பொறுமையாக இருங்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்தே நிறைய படிக்கலாம். குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் ஓடும் குழந்தை யார் மடியில் போய் ஏறுகிறது, ஏறியதும் மற்றவர் முகம் என்னவாகிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு சந்திப்பையும் விரிவாக எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்கு என்ன தோன்றியது, மூன்றும். இதுதான் மாணவர்கள் வெறுக்கும் வேலை, இதுதான் அவர்களை உருவாக்கும் வேலையும். “ஆறுதல் கூறினேன்” என்று ஒரு வரியில் முடித்திருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்ன சொல்லி ஆறுதல் கூறினாய்? கேட்டதும் அவர் அழுகையை நிறுத்தினாரா, பேச்சை நிறுத்தினாரா? இரண்டும் ஒன்றல்ல.

ஆலோசனை என்றால் சேர்த்து வைப்பதுதானே?

இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. குடும்ப நல நீதிமன்றங்களுக்கான 1984 சட்டம் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்யச் சொல்கிறது, சரி. ஆனால் அடி வாங்கிக்கொண்டு வந்தவளிடம் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, குழந்தை முகத்தைப் பாரு” என்பது சமரசம் இல்லை. வன்முறை இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதே ஆபத்து. அங்கே அவள் வாய் திறந்து சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டுக்குப் போனதும் விலை கொடுப்பாள். முதலில் தனியாகப் பேச வேண்டும், இன்று இரவு எங்கே தூங்கப் போகிறாள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அதே போல, சொல்வதை ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுக்கிறோம். ஆனால் குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அந்த எல்லையைப் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தோடு வேலை செய்ய ஆசை. அதற்கு எது வழி?

எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுங்கள். அதற்கு மேல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில். இருந்துவருகிறது. எம்.ஃபில். பட்டங்கள் பொதுவாக நிறுத்தப்பட்டபோது இதற்கும் சிகிச்சை உளவியலுக்கும் மட்டும் 2025–26 வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். அதனால் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்தத் துறையில் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் 1957-இல் தொடங்கியபோதே உறவினர் ஒருவர் கூடத் தங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. குடும்பமும் சிகிச்சையில் ஒரு பங்கு என்று நம் மருத்துவமனைகள் அப்போதே செய்து காட்டின.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா?

புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான், முதல் பருவம் கஷ்டப்படும். ஆனால் களத்தில் உங்கள் தமிழ்தான் சொத்து. “மனசு ஒரு மாதிரி பிசையுது”, “அவர் வீட்ல ஒரு அண்டாத ஆளு மாதிரி இருக்காரு” என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ளலாம்.

ஆண்களும் சேரலாமா?

தாராளமாக. ஆண்கள் தேவைப்படுகிறார்கள். குடிக்கு அடிமையான அப்பாக்களில் பலர் இன்னொரு ஆணிடம்தான் முதலில் வாய் திறக்கிறார்கள். பெண்கள் கல்லூரிகளில் உள்ள துறைகளில் மட்டும் சேர முடியாது.

அஞ்சல் வழியில் படிக்கலாமா?

சமூகவியலை அப்படிப் படிக்கலாம். சமூகப்பணி என்றால், களப்பணியை யார் மேற்பார்வை செய்வார்கள் என்று தெளிவாகக் கேட்டுவிட்டுச் சேருங்கள். மேற்பார்வை இல்லாத களப்பணி வெறும் கையெழுத்து வாங்கும் வேலையாகிவிடும். உளவியலை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. “இடம் இருக்கு, உடனே பணம் கட்டுங்க” என்று யாராவது போன் செய்தால் ஏமாறாதீர்கள்.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

வேலை கிடைக்கும். சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன்: ஆரம்பத்தில் குறைவு. சேவை மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் நிறைய பதவிகள் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அதே வேலையைப் பத்து ஆண்டு திறமையாகச் செய்தவர்களும் ஒப்பந்தம் புதுப்பிக்கக் காத்திருக்கிறார்கள். இது அநியாயம்தான், அரசு இதைச் சரிசெய்ய வேண்டும். நிரந்தரப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக நன்னடத்தை அலுவலர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் போன்ற பதவிகள் வரும். எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் பாருங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களில் பலர் மனிதவளப் பிரிவுக்குப் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த வழியில் தொழிற்சாலைக் கதவு திறந்தது. வீட்டுச் சூழ்நிலை காரணமாக அந்தப் பக்கம் போனால் குற்ற உணர்வு வேண்டாம். தொழிலாளிக்கும் குடும்பம் உண்டு.

படித்து முடித்ததும் ‘குடும்ப ஆலோசகர்’ என்று போர்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். குறைந்தது சில ஆண்டுகள் ஒரு மூத்தவரின் கீழ் வேலை செய்யுங்கள். சிகிச்சை உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள அதற்கென்று தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். அது இல்லாமல் போடுவது தவறு.

என் வீட்டிலேயே நிறைய பிரச்சினை. இதைப் படித்தால் தீர்த்துவிடலாமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து, எல்லாரும் போன பிறகு வந்து கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு நீங்கள் ஆலோசகராக முடியாது. அங்கே நீங்கள் மகள், தம்பி, மருமகள். ஆனால் சொந்தக் குடும்ப வரைபடத்தை வரையும் நாளில் ஏதோ ஒன்று தெளியும். அப்பா ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதற்குத் தாத்தா வட்டாரத்தில் ஒரு கோடு கிடைக்கும். அந்த நாளில் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஆசிரியரிடம் பேசுங்கள். காயம் ஆறாமலே மற்றவர் கதையைக் கேட்கப் போனால், அவர் பேசப் பேச நம் கதைதான் நமக்குக் கேட்கும்.

பெற்றோர் கேட்பது: கண்டவர்கள் வீட்டுக்கெல்லாம் எங்கள் பெண் போக வேண்டுமா?

போக வேண்டிவரும். உங்கள் பயம் நியாயமானது, எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார். சேர்க்கும் முன்பு துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள்: வீடு பார்க்கப் போகும்போது இருவராக அனுப்புகிறீர்களா, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், அவசரத்துக்கு அழைக்க ஆசிரியர் எண் கொடுக்கிறீர்களா, வாரம் ஒரு முறை மாணவியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறீர்களா? நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்லும் துறையில் சேர்த்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் வீட்டுக்கு வந்ததும் பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அப்போது என்ன ஆச்சு என்று துருவாமல் சாப்பாடு போடுங்கள். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், அவளே கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவாள்.